இடது கையில் பேஸ், வலது கையில் கீபோர்டு: மேடை ஒலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ் கிட்டார் இல்லாத குழுவில் கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸ் வாசிக்கும்போது வரும் சந்தேகங்கள் இவை. மூன்று பேர், நான்கு பேர் கொண்ட சின்னக் குழுக்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரு விஷயம் பல பதில்களில் திரும்பத் திரும்ப வரும். கீபோர்டு ஒன்றாக இருந்தாலும் நீங்கள் வாசிப்பது இரண்டு வாத்தியம். டோன், வயர், ஸ்பீக்கர், சத்த அளவு என எதிலெல்லாம் அவற்றைப் பிரிக்க முடியுமோ அதிலெல்லாம் பிரித்துவிடுங்கள்.

இடது கையை மட்டும் நம்பி ஒரு முழு நிகழ்ச்சியை வாசிக்க முடியுமா?

தாராளமாக முடியும். தி டோர்ஸ் குழு மேடையில் பேஸ் கலைஞர் இல்லாமல்தான் வாசித்தது. ரே மன்சரெக்கின் வலது கை வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கனில் இருக்கும். இடது கை அதன் மேல் வைத்திருந்த 32 கீ ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸில் இருக்கும். 1950களின் நடுவில் ஜிம்மி ஸ்மித் பிரபலமாக்கிய ஹேமண்ட் ஆர்கன் ட்ரியோவிலும் பேஸ் கிட்டார் கிடையாது. இடது கை கீழ் மேனுவலில், அதாவது கீழ்க் கீ வரிசையில், பேஸ் நடக்கும், கால் பெடலில் லேசாகத் தட்டி அதற்கு ஒரு அழுத்தம் கொடுப்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மன்சரெக்குக்கு பேஸ் என்பது தனி வாத்தியமாகவே இருந்தது. இன்று நாம் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து ஒரே வயரில் அனுப்புகிறோம். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதே டோர்ஸ் குழு ஸ்டுடியோவுக்குப் போனபோது பல பாடல்களுக்கு பேஸ் கிட்டார் கலைஞரை அழைத்துக்கொண்டது என்பதும் உண்மை. ஆக, கை ஓடினால் போதாது, ஒலிக்கும் மெனக்கெட வேண்டும்.

வீட்டில் ஹெட்போனில் அருமையாகக் கேட்கிறது. மேடைக்குப் போனால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. ஏன்?

மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது நம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு பேஸ் சரியாக எட்டாது. 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து வரைபடமாகவே போட்டுவிட்டார்கள். அதனால் வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது பேஸ் போதவில்லை என்று தோன்றும், கொஞ்சம் ஏற்றி சேவ் செய்துவிடுவோம். அதே டோன் மேடைச் சத்தத்தில் வரும்போது அந்தக் 'கொஞ்சம்' நாலு மடங்காக வந்து நிற்கும்.

இரண்டாவது அறை. பேஸ் கிட்டாரின் கனமான ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஹாலின் நீள அகலம் அதற்கு வாகாக அமைந்துவிட்டால் சில ஸ்வரங்கள் மட்டும் ஊதிப் பெருக்கும், சில காணாமலே போகும். ஹெட்போனில் இந்தச் சங்கதியே கிடையாது.

மூன்றாவது, நான் பார்த்தவரை பெரும்பாலான மேடைகளில் முதல் குற்றவாளி: ரிவெர்ப், அதாவது ஹாலில் ஒலி எதிரொலித்து நீள்வது போன்ற எஃபெக்ட். கடையில் கீபோர்டை முதல் முறை தட்டிப் பார்ப்பவரை மயக்குவதற்காகவே தயாரிப்பாளர்கள் டோன்களில் ரிவெர்பைக் கொட்டி வைத்திருப்பார்கள். ஹாலுக்கு ஏற்கெனவே அதன் ரிவெர்ப் இருக்கிறது. பேஸ் டோனில் ரிவெர்பை முழுதாக அணையுங்கள், ஒலியைப் பல குரல் போல விரிக்கும் கோரஸ் எஃபெக்டையும்தான். பியானோவில் பாதியாக்குங்கள். வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

பேஸையும் மற்ற டோன்களையும் தனித்தனி வயரில் அனுப்புவது எப்படி?

உங்கள் கீபோர்டில் மெயின் அவுட் தவிர துணை அவுட் ஏதாவது இருந்தால் வேலை சுலபம். ஸ்பிளிட் என்பது கீபோர்டை ஒரு கீயில் இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டோன் வைப்பது; அதன் கீழ்ப் பகுதியை அந்த அவுட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மெயின் அவுட்டில் பியானோவும் மற்றவையும் ஸ்டீரியோவாகவே போகலாம்.

இல்லையென்றால் பழைய வழி ஒன்று உண்டு. பேஸை முழுதாக இடப் பக்கம் பேன் செய்யுங்கள் (ஸ்டீரியோவில் அந்தப் பக்கத்துக்குத் தள்ளுங்கள்), மற்றதை முழுதாக வலப் பக்கம். இரண்டு ஜாக்கிலும் வயர் செருகுங்கள். இடது ஜாக்கில் 'மோனோ' என்றும் எழுதியிருக்கும் கருவிகளில் அதை மட்டும் செருகினால் கீபோர்டே இரண்டையும் கலந்து கொடுத்துவிடும், பிரித்ததற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். இப்போது மிக்ஸரில் பேஸுக்கு ஒரு சேனல், கீபோர்டுக்கு ஒரு சேனல் கிடைத்துவிட்டது. மிக்ஸரிலும் இரண்டின் பேனையும் நடுவில் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பார்வையாளர்களில் பாதிப் பேருக்கு பேஸ் மட்டும், மீதிப் பேருக்கு பியானோ மட்டும்தான் கேட்கும்.

இந்த வழியில் இரண்டு கண்ணி இருக்கிறது. கீபோர்டின் பொது எஃபெக்ட் ஸ்டீரியோவாக இருந்தால் பியானோவின் ரிவெர்ப் பேஸ் வயருக்குள்ளும் கசியும். வலது கையால் ஒரு கார்டை அழுத்தியபடி, வயரை உருவாமல், மிக்ஸரில் வலது வயரின் சேனலை மட்டும் அணைத்துப் பாருங்கள். இடது வயரில் மெல்லிய வால் ஒன்று கேட்டால் பொது எஃபெக்டை அணைத்தாக வேண்டும். இன்னொன்று, சில கருவிகளில் பேன் என்று எழுதியிருந்தாலும் அது பேலன்ஸ் போல வேலை செய்யும். ஸ்டீரியோ பியானோவை வலப் பக்கம் தள்ளினால் இடது மைக்கில் பதிந்த பாதி அப்படியே காணாமல் போய் ஒலி சன்னமாகும். மோனோ பியானோ என்று தனி டோன் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் ஸ்டீரியோ போய்விடுமே, பரவாயில்லையா?

பரவாயில்லை. ஹாலில் பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், பல இடங்களில் மொத்த ஒலியே மோனோதான். ஸ்டீரியோ பியானோ டோனை மோனோவாகக் கலக்கும்போது இரண்டு மைக்கின் அலைகளும் சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும். நடு ஸ்வரங்கள் டப்பாவுக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். எனவே டோன் தேர்ந்தெடுக்கும்போதே மோனோவில் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். மின்சார பியானோவும் ஆர்கனும் இதில் அவ்வளவாகப் படுத்தாது, கிராண்ட் பியானோதான் படுத்தும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்பீக்கர். அதில் பேஸ் அடித்தால் பியானோ அமுங்கிப் போகிறதே?

பேஸ் ஸ்வரம்தான் ஆம்பின் சக்தியில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆம்ப் எல்லையைத் தொட்டதும் உள்ளே இருக்கும் லிமிட்டர் மொத்த ஒலியையும் கீழே இழுக்கும். அதனால் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் பியானோ ஒருமுறை மூழ்கி எழும். தவிர, ஒரே கோன் 50 ஹெர்ட்ஸுக்காக முன்னும் பின்னும் பெரிதாக ஓடிக்கொண்டே பியானோவின் ஸ்வரங்களையும் பாட வேண்டியிருக்கிறது. அந்த ஸ்வரங்கள் நடுங்காமல் என்ன செய்யும்?

ஒரு ஸ்பீக்கரோடுதான் வாழ்ந்தாக வேண்டுமென்றால் பேஸில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். பியானோவில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையும் வெட்டுங்கள். பேஸுக்கு ஆழத்தைக் குறைத்து, 700 ஹெர்ட்ஸ் முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள 'கர்' என்ற பகுதியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மேல் ஸ்வரக்கூறுகள் தெளிவாக இருந்தால் அடி ஸ்வரம் பலவீனமாக இருந்தாலும் காது அதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில்கூட நாம் பேஸ் வரியைப் பின்தொடர முடிவது இதனால்தான்.

சரி, வாங்குவதானால் என்ன வாங்கலாம்? கீபோர்டு ஆம்பா, பேஸ் ஆம்பா, பவர்ட் ஸ்பீக்கரா?

பேஸுக்கு ஒரு பேஸ் ஆம்ப், மற்றதற்கு ஒரு பவர்ட் ஸ்பீக்கர், அதாவது ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர். தூக்கிச் செல்ல முதுகு சம்மதித்தால் இதைவிட நல்ல கூட்டணி இல்லை. பேஸ் ஆம்ப் தாழ்ந்த ஸ்வரங்களுக்கென்றே செய்தது, பவர்ட் ஸ்பீக்கர் பியானோவை உள்ளது உள்ளபடி தரும். பேஸ் கிட்டார் ஆம்பில் பியானோவை விடாதீர்கள். உச்ச ஸ்வரங்கள் மழுங்கிவிடும்.

இரண்டு பெட்டி முடியாது என்றால் 12 அங்குல அல்லது 15 அங்குல பவர்ட் ஸ்பீக்கர் ஒன்று. வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றவே சுமார் 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். விவரப் பட்டியலில் நீங்கள் தேட வேண்டியது, மைனஸ் 3 டெசிபெல் எந்த ஹெர்ட்ஸில் என்பதை. மைனஸ் 10 டெசிபெல் எண்ணைப் பெரிதாகப் போட்டு 'இவ்வளவு ஆழம் போகும்' என்பார்கள். அங்கே போகும்தான், ஆனால் போய்ச் சேருவது முனகல்.

ஸ்பீக்கரைத் தரையில், சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். பேஸ் ஆம்புக்கு இது இலவச உதவி; பியானோ ஸ்பீக்கருக்கு உபத்திரவம். அதை ஸ்டாண்டில், காது உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

எந்த பேஸ் டோன் மேடையில் நிற்கும்?

தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் அசிங்கமாக இருக்கும் டோன்தான் குழுவோடு சேரும்போது நிற்கும். விரலால் மீட்டிய எலக்ட்ரிக் பேஸ் டோன் ஒன்றை எடுத்து, அதில் சின்ன அளவு டிரைவ் (ஒலியைச் சற்று கரகரப்பாக்கும் எஃபெக்ட்) சேருங்கள். வேகமான தொடக்கம், குறைந்த ரிலீஸ் (விரல் எடுத்தபின் ஒலி தேயும் நேரம்). கீயில் இருந்து விரல் எடுத்ததும் ஒலி நிற்க வேண்டும்.

சிந்த் பேஸ் என்றால் வெறும் சைன் அலையைத் தவிருங்கள். பெரிய சப்வூஃபரில் வயிற்றை உலுக்கும், சின்ன ஸ்பீக்கரில் நீங்கள் வாசிக்கவே இல்லை என்று நினைப்பார்கள். சா அலையை (ரம்பப் பல் வடிவ அலை) ஃபில்டரால் மூடி, அடியில் ஒரு சதுர அலை சேர்த்தால் இரண்டு இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். தந்தியை அறைந்து வாசிப்பது போன்ற ஸ்லாப் டோன்களை விட்டுவிடுங்கள். இயல்பான டோனில் இருந்து பலமாகத் தட்டினால் மட்டும் ஸ்லாப்புக்குத் தாவும் வகை இன்னும் மோசம். பாட்டின் நடுவே உணர்ச்சிவசப்பட்டு ஓர் அடி கூட வைத்தால் 'டங்' என்று தெறிக்கும்.

பேஸை மோனோ மோடில் வைப்பது நல்லது, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் ஒலிக்கும். ஆனால் 'லெகாட்டோ' என்ற அமைப்பு இயங்கினால் விரல்கள் சற்று ஒன்றன்மேல் ஒன்று படியும்போது இரண்டாவது ஸ்வரத்துக்குப் புது அடி கிடைக்காது, வழுக்கிக்கொண்டு போகும். சிந்த் பேஸுக்கு அது அழகு. எலக்ட்ரிக் பேஸுக்கு அணைத்துவிடுங்கள்.

ஸ்பிளிட்டை எங்கே வைப்பது? 61 கீ போதுமா?

போதும், ஆனால் ஆக்டேவ் கணக்கைச் சரிபாருங்கள். சாதாரண 61 கீ கீபோர்டின் முதல் கீ 65 ஹெர்ட்ஸ் சி. பேஸ் கிட்டார் அதற்கும் கீழே 41 ஹெர்ட்ஸ் வரை போகும். எனவே கீழ்ப் பகுதியை ஓர் ஆக்டேவ் இறக்க வேண்டும். சில பேஸ் டோன்கள் தொழிற்சாலையிலேயே இறக்கி வைக்கப்பட்டிருக்கும். அது தெரியாமல் நீங்களும் ஓர் ஆக்டேவ் இறக்கினால் பூமிக்கடியில் ஏதோ உறுமும். ஹெர்ட்ஸ் காட்டும் ட்யூனர் செயலி ஒன்றை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிளிட் புள்ளிக்கு நான் பரிந்துரைப்பது நடு சி-க்குக் கீழே உள்ள ஜி. 61 கீயில் கீழே 19 கீ பேஸுக்குக் கிடைக்கும், ஒன்றரை ஆக்டேவ், தாராளம். மேலே மூன்றரை ஆக்டேவ் வலது கைக்கு. ஸ்பிளிட்டை எண்ணாகத் தட்டிச் சேர்ப்பதானால் ஒரு எச்சரிக்கை: யமஹா கருவிகளில் நடு சி-க்குப் பெயர் சி3, ரோலண்டில் அதே கீ சி4. ஒருவர் சொன்ன அமைப்பை இன்னொருவர் கருவியில் அப்படியே போட்டால் ஓர் ஆக்டேவ் தள்ளி நிற்கும்.

41 ஹெர்ட்ஸ் ஈ-க்கும் கீழே உள்ள டி, சி இரண்டையும் முடிந்தவரை ஓர் ஆக்டேவ் மேலே வாசியுங்கள். பல ஸ்பீக்கர்களில் அவை வெறும் காற்றுதான். பெரிய சப்வூஃபர் இருக்கும் மேடையில், பாட்டின் கடைசி ஸ்வரத்துக்கு மட்டும் இறங்கினால் கூட்டம் நிமிர்ந்து பார்க்கும்.

சஸ்டெயின் பெடலை மிதித்தால் பேஸும் சேர்ந்து இழுக்கிறது. என்ன செய்வது?

கீழ்ப் பகுதிக்கு மட்டும் பெடலை அணையுங்கள். இந்தப் பக்கத்தில் எதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நாலு கார்டு போகிறது என்று வையுங்கள். கார்டு மாறும்போது பெடலைத் தூக்கி மறுபடி மிதிக்கிறீர்கள். பியானோவுக்கு அது சரியாக இருக்கும். ஆனால் ஒரே கார்டுக்குள் இடது கை சி, ஜி, ஏ என்று நடந்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலித்துக்கொண்டே இருக்கும். 50, 60 ஹெர்ட்ஸில் இரண்டு ஸ்வரம் பக்கத்தில் பக்கத்தில் ஒலித்தால் அது ஸ்வரமாகவே கேட்காது, இரைச்சல்தான். கேட்பவர் 'கீபோர்டு தெளிவாக இல்லை' என்பார். சவுண்ட் இன்ஜினியர் ஈக்யூவில் தேடுவார். குற்றவாளி உங்கள் வலது பாதத்துக்கு அடியில் இருக்கும்.

கருவியின் பட்டியலில் இது சஸ்டெயின், டேம்பர், ஹோல்டு என்று ஏதாவது ஒரு பெயரில், பகுதிவாரியாக ஆன், ஆஃப் செய்யும்படி இருக்கும். கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மிடி முறையின் கணக்கில் இது 64ஆம் எண் கட்டளை. லேப்டாப்பில் வாசிப்பவர்கள் பேஸ் சேனலில் அந்த எண்ணை மட்டும் வடிகட்டிவிடலாம். பிட்ச் பெண்டையும் அப்படியே பிரித்துவிடுங்கள். வலது கை லீடை வளைக்கும்போது பேஸும் சேர்ந்து வளைந்தால் குழு முழுவதும் சுருதி போனது போல இருக்கும்.

பகுதிவாரியாக அணைக்க வழியே இல்லாத கருவியா? மோனோ மோடு ஓரளவு காப்பாற்றும். ஸ்வரங்கள் குவியாது. ஆனால் ஸ்வரங்களுக்கு இடையே இருக்க வேண்டிய மௌனம் போய்விடும். அந்தக் கருவியில் பெடலைக் குறைத்து விரலாலேயே பிடித்து வாசிக்கப் பழகுவது நல்லது.

பேஸ் ஒரு ஸ்வரம் பலமாகவும் அடுத்தது மெதுவாகவும் வருகிறது.

வெலாசிட்டிதான், அதாவது கீயை எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோம் என்ற அளவு. பேஸ் பகுதியின் வெலாசிட்டி உணர்வைக் குறையுங்கள், அல்லது 90 முதல் 110 வரை என்று ஒரு குறுகிய வரம்புக்குள் அடையுங்கள். சுண்டு விரலும் கட்டை விரலும் ஒரே பலத்தில் அடிக்காது, அதுவும் வலது கையில் கவனம் இருக்கும்போது நிச்சயம் அடிக்காது. அதற்குப் பிறகும் ஏற்ற இறக்கம் இருந்தால் பேஸுக்கு மட்டும் கம்ப்ரஸர் (பலமான ஒலியைத் தானே அமுக்கும் கருவி) போடுங்கள், 4:1 அளவு போதும். ஒரே வயரில் பேஸும் பியானோவும் போகும்போது கம்ப்ரஸர் போடாதீர்கள். பேஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பியானோ பின்வாங்கும்.

வலது கை எவ்வளவு வாசிக்கலாம்?

தனியாக பியானோ வாசித்துப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். கார்டின் ரூட் ஸ்வரத்தை இடது கை வாசித்துவிட்டது. வலது கை அதைத் திரும்ப வாசிக்க வேண்டியதில்லை. நடு சி-யைச் சுற்றி மூன்று, நான்கு ஸ்வரம் போதும்.

டி மைனர், ஜி 7, சி என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கை டி. வலது கை எஃப், ஏ, சி, ஈ. அடுத்து இடது கை ஜி போகும்போது வலது கையில் சி மட்டும் பி ஆகிறது. எஃப், ஏ, பி, ஈ. அடுத்து இடது கை சி. வலது கை ஈ, ஜி, பி, டி. கை இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. கார்டுகள் ஒன்றில் இருந்து ஒன்றுக்கு நழுவுகின்றன, கவனம் முழுவதையும் பேஸுக்குக் கொடுக்கலாம். எளிய பாட்டுக்கு இந்த நிறம் அதிகம் என்று பட்டால் எஃப், சி மட்டும், பிறகு எஃப், பி மட்டும், பிறகு ஈ, ஜி மட்டும் வாசியுங்கள். இரண்டு விரல். மேடையில் அது நிறைவாகவே கேட்கும்.

இடது கை பேஸ் உண்மையான பேஸ் போலவே கேட்கவில்லையே?

டோனைக் குறை சொல்வதற்கு முன் ஸ்வரத்தின் நீளத்தைப் பாருங்கள். கீபோர்டுக்காரர்கள் அடுத்த ஸ்வரம் வரும்வரை விரலை எடுக்க மாட்டார்கள். பேஸ் கலைஞர் ஸ்வரத்தை எப்போது நிறுத்துவது என்பதை அடிப்பது அளவுக்கே கவனிப்பார். ஸ்நேர் விழும் இடத்தில் பேஸை நிறுத்திப் பாருங்கள். டிரம்ஸ் திடீரென்று தெளிவாகும், சவுண்ட் இன்ஜினியர் எதுவும் செய்யாமலேயே.

கிக் டிரம்மின் பலம் பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. உங்கள் பேஸும் அங்கேதான். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் பலம், சற்று முன்பின் விழுந்தால் குழப்பம். டிரம்மரின் வலது காலைப் பார்க்கும்படி உட்காருங்கள். அப்புறம், வரிகளுக்கு இடையே நிரப்பும் ஃபில் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். இடது கை ஃபில் வாசிக்கும்போது வலது கை சும்மா இருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஓடினால் இரண்டும் தடுக்கும்.

பயிற்சிக்கு ஒரே ஒரு யோசனை. பேஸ் வரியைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்கு இடது கையை மட்டும் ஓட்டுங்கள். அதுவரை வலது கையைச் சேர்க்காதீர்கள்.

டிஐ பாக்ஸ் அவசியமா? 'ம்ம்ம்' என்ற ஓசையை நிறுத்துவது எப்படி?

டிஐ பாக்ஸ் என்பது கீபோர்டின் சமிக்ஞையை நீண்ட வயரில் இரைச்சல் ஏறாமல் மிக்ஸருக்கு அனுப்ப மாற்றித் தரும் சின்னப் பெட்டி. மிக்ஸர் பக்கத்திலேயே இருந்தால் தேவையில்லை. சாதாரண கிட்டார் வகை கேபிள் ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் தேவை. கீபோர்டின் அவுட் ஏற்கெனவே பலமான சமிக்ஞை என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பேஸிவ் டிஐ நன்றாகவே வேலை செய்யும். அதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவரும் தேவைப்படாது. கரகரப்பு வந்தால் சமிக்ஞையைக் குறைக்கும் பேட் சுவிட்சைப் போடுங்கள்.

ஓசை வந்தால் முதலில் டிஐயின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்; அது ஆடியோ வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும். அடுத்து, மேடையில் உள்ள உங்கள் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பவர் இணைப்பில் இருந்து எடுப்பது. லேப்டாப் இருந்தால் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பாதி சமயம் அங்கேயே தீர்ந்துவிடும். எர்த் பின்னை உடைப்பது, டேப் ஒட்டி மறைப்பது போன்ற வேலைகள் கூடவே கூடாது. மைக்கில் உதடு படும் பாடகர் உயிரோடு விளையாடுவது அது.

சவுண்ட் செக்கில் என்ன சொல்ல வேண்டும், எப்படி வாசிக்க வேண்டும்?

வயரைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "இது பேஸ், இதை பேஸ் கிட்டார் போலவே நடத்துங்கள். இது கீபோர்டு, இதில் அடிப்பகுதியை வெட்டிவிடலாம்." இன்ஜினியர் மேடையில் பேஸ் கிட்டாரைக் காணாததால் சப்வூஃபருக்கு கிக்கை மட்டும் அனுப்பிவைத்திருக்கலாம். இந்த இரண்டு வாக்கியம் அதை மாற்றிவிடும்.

பேஸைத் தனியாக வாசிக்கும்போது ஒரே ரிஃபை வாசிக்காமல் ஈ-யில் இருந்து அரை ஸ்வரமாக ஓர் ஆக்டேவ் மெதுவாக ஏறுங்கள். ஹாலில் எந்த ஸ்வரம் ஊதுகிறது என்று உடனே தெரிந்துவிடும். ஜி ஊதினால் 49 ஹெர்ட்ஸ், ஏ என்றால் 55, பி ஃப்ளாட் என்றால் 58, சி என்றால் 65. அந்த எண்ணைச் சொன்னால் இன்ஜினியர் அங்கே மட்டும் குறுகலாக வெட்டுவார். மொத்த பேஸையும் குறைப்பதைவிட இது எவ்வளவோ மேல். கொழகொழப்பு தொடர்ந்தால் கீபோர்டு சேனலில் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, அன்று வாசிக்கப்போகும் டோன்களிலேயே மிகப் பலமானதை வாசித்துக் காட்டுங்கள். செக்கில் மெதுவாக வாசித்துவிட்டு, நிகழ்ச்சியில் பிராஸ் டோனைத் திறந்து மிக்ஸரைச் சிவக்க வைப்பது அவருக்குச் செய்யும் துரோகம்.

மேடையில் எனக்கு பேஸே கேட்கவில்லை. ஏற்றினால் கீழே இருப்பவர்கள் அதிகம் என்கிறார்கள்.

இருவர் சொல்வதும் சரி. அறையில் நீங்கள் இருக்கும் புள்ளியில் அந்த அலை அடங்கியிருக்கலாம், அவர்கள் இருக்கும் இடத்தில் குவிந்திருக்கலாம். மானிட்டரில் ஆழத்தை ஏற்றச் சொல்லாமல் 700 ஹெர்ட்ஸ் பகுதியை ஏற்றச் சொல்லுங்கள். எந்த ஸ்வரம் வாசிக்கிறோம் என்று தெரிந்தால் போதும்; வயிற்றில் உணர வேண்டியவர்கள் கீழே இருக்கிறார்கள். சொந்த ஆம்ப் இருந்தால் உங்களுக்குப் பின்னால் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள், காலுக்கடியில் வைத்தால் முழங்காலுக்குத்தான் கேட்கும்.

ஒரு டோனில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சத்தம் எகிறுகிறது.

டோன்களின் அளவைச் சமன்படுத்தும் வேலையை ஹெட்போனில் செய்யாதீர்கள். ஒத்திகையில், டிரம்ஸோடு, மேடைச் சத்தத்தில் செய்து சேவ் செய்யுங்கள். பியானோ எப்போதும் ஹெட்போனில் பெரிதாகவும் குழுவில் சிறிதாகவும் இருக்கும். பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேட் டோன்கள் நேர்மாறு. பேஸ் மட்டும் எல்லாப் பாட்டிலும் ஒரே அளவில் இருக்கட்டும்.

ஆர்கன் டோனிலேயே இடது கை பேஸ் வாசித்தால்?

அருமையாக இருக்கும். கீழ் மேனுவலில் 16 அடி, 8 அடி டிராபார்களை (ஆர்கன் ஒலியின் கூறுகளைக் கூட்டிக் குறைக்கும் இழுப்புப் பட்டைகள்) வெளியே இழுத்து மற்றவற்றைப் பெரும்பாலும் உள்ளே தள்ளுங்கள். ஸ்வரத்தின் தொடக்கத்தில் 'டக்' என்று தட்டும் பெர்கஷன் மேல் மேனுவலுக்கு மட்டும். சுழலும் ஸ்பீக்கரைப் போலச் செய்யும் லெஸ்லி எஃபெக்ட் வேகமாகச் சுற்றும்போது பேஸும் சேர்ந்து தள்ளாடினால், கருவி அனுமதித்தால் கீழ்ச் சுழலியை நிறுத்தி வையுங்கள்.

லேப்டாப்பில் வாசித்தால் தாமதம் தெரியுமா?

பஃபர் என்பது கணினி ஒலியை அனுப்பும் முன் சேர்த்து வைக்கும் அளவு. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிசெகண்ட். ஒலியை வெளியே எடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் சேர்க்கும் தாமதத்தையும் கூட்டினாலும், ஸ்பீக்கரில் இருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்பது போன்றதுதான். 512க்குப் போனால் இடது கை டிரம்ஸுக்குப் பின்னால் இழுப்பது தெரிய ஆரம்பிக்கும். பேஸை மட்டும் ஒரு சின்ன ஹார்டுவேர் கீபோர்டில் வாசிப்பவர்கள் உண்டு. கணினி உறைந்து நின்றாலும் பாட்டின் அடித்தளம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும்.

சில பாடல்களுக்கு மட்டும் பேஸ் கிட்டார் கலைஞர் வந்து சேர்ந்துகொள்கிறார். அப்போது?

ஸ்பிளிட் இல்லாத இன்னொரு அமைப்பைச் சேவ் செய்து வைத்து, அவர் ஏறியதும் அதற்கு மாறிவிடுங்கள். வெறுமனே பேஸ் வால்யூமை இறக்கி வைத்தால் பழக்கத்தில் இடது கை நடுவில் ஏற்றிவிடும். நடு சி-க்குக் கீழே ஓர் ஆக்டேவுக்கும் அப்பால் இடது கை போக வேண்டாம். இருவரும் ஒரே ரூட் ஸ்வரத்தை வாசித்தால் சுருதியில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் அலை அலையாக அடிக்கும். அவருக்கு நீங்கள் கார்டுகளை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தால் மேல் ஸ்வரங்களில் காட்டுங்கள். அவர் இறங்கியதும் முதல் பாட்டைத் தொடங்கும் முன், இடது கையால் ஓர் ஈ-யைத் தொட்டுப் பார்த்து அமைப்பு திரும்பிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.